வால்வு கித்தார் பெருக்கிகளில் சார்பு அமைத்தலும் இணை சேர்த்தலும்

சார்பு அமைத்தல் என்பது, வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இயங்கும் பெருக்கி ஒன்றில், குறிகை எதுவும் வராத நிலையில் வெளியீட்டு வால்வுகளின் வழியே எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை நிறுவும் செயலாகும். இணை சேர்த்தல் என்பது, ஒரே மாதிரியான மின் பண்புகளைக் கொண்ட வால்வுகளை அளந்து தேர்ந்தெடுத்து, இரண்டாகவோ நான்காகவோ சேர்த்துப் பயன்படுத்துவதைக் குறிக்கும். மின் கித்தார் பெருக்கிகளில் வெளியீட்டு வால்வுகளை மாற்றும்போது இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. எனினும் இவை வெவ்வேறு செயல்கள். இணை சேர்த்தல் வால்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகின்றது. சார்பு அமைத்தல் குறிப்பிட்ட பெருக்கியைக் குறிப்பிட்ட வால்வுகளுக்கு ஏற்பச் சரிசெய்கின்றது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

1950கள் முதல் 1970கள் வரை உருவாக்கப்பட்ட பழைய வால்வுகளைப் பயன்படுத்துவோருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. அவ்வால்வுகளில் பெரும்பாலானவை இன்று உற்பத்தியில் இல்லை. தவறான சார்பு நிலையில் இயக்கினால் அவை குறுகிய காலத்திலேயே அழிந்துவிடக்கூடும். சில வேளைகளில் பெருக்கியின் வெளியீட்டு மின்மாற்றியும் அவற்றோடு சேர்ந்து பழுதாகும்.

பெயர்

1904ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஆம்புரோசு பிளெமிங் உருவாக்கிய இருமுனையக் குழாய், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிட்டது. அதனால் அவர் அதை வால்வு என அழைத்தார். பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளிலும் இப்பெயர் நிலைத்தது. தமிழிலும் 'வால்வு ரேடியோ' என்னும் வழக்கு இவ்வாறே வந்தது. அமெரிக்காவில் இதே கருவி டியூப் எனப்படுகின்றது.

இயங்கும் விதம்

வால்வினுள் உள்ள மின்னிழை எதிர்மின்வாயைச் சூடாக்குகின்றது. சூடேறிய எதிர்மின்வாயின் ஆக்சைடு பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. பிளேட் எனப்படும் நேர்மின்வாய் சில நூறு வோல்ட் நேர் மின்னழுத்தத்தில் இருப்பதால் அவை அதனை நோக்கி ஈர்க்கப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் கிரிட் எனப்படும் கட்டுப்பாட்டு வலை உள்ளது. 1906இல் அமெரிக்கரான லீ டி பாரசுட் இதனைச் சேர்த்ததன் மூலமே வால்வு பெருக்கியாகப் பயன்படத் தொடங்கியது. வெளியீட்டு வால்வுகளில் இதற்கு அப்பால் நேர் மின்னழுத்தத்தில் உள்ள திரை வலை ஒன்றும் இருக்கும்.

கட்டுப்பாட்டு வலை எதிர்மின்வாயைவிட எவ்வளவு எதிர் மின்னழுத்தத்தில் இருக்கின்றதோ அவ்வளவுக்கு எலக்ட்ரான்கள் தடுக்கப்படுகின்றன. கித்தாரிலிருந்து வரும் குறிகை இம்மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பிளேட் மின்னோட்டத்தை அசைக்கின்றது. குறிகை இல்லாதபோது வலைக்கு நிலையாகக் கொடுக்கப்பட்டிருக்கும் எதிர் மின்னழுத்தமே சார்பு மின்னழுத்தம் எனப்படும். வழக்கில் இதனைப் பயஸ் என்பர். அந்நிலையில் பாயும் மின்னோட்டம் ஓய்வு மின்னோட்டம் ஆகும். சார்பு மின்னழுத்தம் மேலும் எதிர்த்திசையில் செல்லச் செல்ல ஓய்வு மின்னோட்டம் குறையும்.

15 வாட்டுக்கு மேற்பட்ட கித்தார் பெருக்கிகளில் வெளியீட்டு வால்வுகள் பொதுவாகப் புஷ்-புல் எனப்படும் தள்ளு-இழு அமைப்பில் இணைக்கப்படுகின்றன. இதில் வால்வுகள் இரு பக்கங்களாகப் பிரிந்து, குறிகையின் ஒரு பாதி அலையை ஒரு பக்கமும் மறு பாதியை மறு பக்கமும் முதன்மையாகக் கையாளுகின்றன. இரண்டும் வெளியீட்டு மின்மாற்றியில் ஒன்றுசேர்கின்றன. ஓய்வு மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், ஒரு பக்கம் ஓய்ந்து மறு பக்கம் தொடங்கும் இடத்தில் அலைவடிவம் முறிகின்றது. இது கடப்புத் திரிபு எனப்படும். மெதுவாக வாசிக்கும்போது ஒலி வறண்டும் கரகரத்தும் கேட்பது இதனாலாகும். ஓய்வு மின்னோட்டம் மிக அதிகமானால் பிளேட் தாங்கக்கூடியதைவிடச் சூடாகிச் செந்நிறமாக ஒளிரத் தொடங்கும். இந்நிலை நீடித்தால் வால்வு அழியும்.

பழைய பெருக்கிகளும் வால்வுகளும்

அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1936இல் வெளியிட்ட 6எல்6, கித்தார் பெருக்கிகளின் வரலாற்றில் முக்கியமான வால்வாகும். இதன் வலிமைப்படுத்தப்பட்ட வடிவமான 6எல்6ஜிசி 1958இல் வந்தது. பெண்டர் நிறுவனம் 1963இல் வெளியிட்ட டுவின் ரிவெர்ப் பெருக்கி நான்கு 6எல்6ஜிசி வால்வுகளைக் கொண்டு 85 வாட் திறனை வழங்கியது. ஐரோப்பாவில் பிலிப்சு நிறுவனம் உருவாக்கிய ஈஎல்34, ஈஎல்84 ஆகியன பரவின. வாக்சு நிறுவனத்தின் ஏசி15, ஏசி30 பெருக்கிகள் ஈஎல்84 வால்வுகளைப் பயன்படுத்தின. 1960களின் பிற்பகுதியில் மார்சல் பெருக்கிகளின் அடையாளமாக ஈஎல்34 ஆனது.

இவ்வால்வுகளை அமெரிக்காவில் ஆர்சிஏ, ஜெனரல் எலக்ட்ரிக், சில்வேனியா, டங்-சோல் ஆகிய நிறுவனங்களும், பிரித்தானியாவில் முல்லார்டு, ஜிஇசி ஆகியனவும், செருமனியில் டெலிபங்கன், சீமென்சு ஆகியனவும் உற்பத்தி செய்தன. இந்தியாவில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனம் வானொலிப் பெட்டிகளுக்காக வால்வுகளைத் தயாரித்தது. 'பெல்' முத்திரை கொண்ட ஈஎல்84 வால்வுகள் இன்றும் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன.

திரிதடையங்கள் வந்த பின்னர் இத்தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வால்வு உற்பத்தியை நிறுத்தின. இன்று கித்தார் பெருக்கிகளுக்கான புதிய வால்வுகள் பெரும்பாலும் சுலோவாக்கியா, ரசியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. முல்லார்டு, டங்-சோல் போன்ற பழைய பெயர்கள் ரசியாவின் சரத்தோவ் நகரில் தயாராகும் புதிய வால்வுகளின் மீதும் இப்போது அச்சிடப்படுகின்றன. ஆகவே பெயரை மட்டும் கொண்டு ஒரு வால்வு பழையதா புதியதா எனக் கூற இயலாது.

சார்பு அமைப்பின் வகைகள்

கித்தார் பெருக்கிகளில் இருவகைச் சார்பு அமைப்புகள் காணப்படுகின்றன.

நிலைச் சார்பு: இதில் மின்மாற்றியின் தனிச் சுற்றிலிருந்தோ கிளையிலிருந்தோ பெறப்படும் மின்னழுத்தம், அலைதிருத்தி வழியாக எதிர் மின்னழுத்தமாக மாற்றப்பட்டுக் கட்டுப்பாட்டு வலைகளுக்கு அளிக்கப்படுகின்றது. எதிர்மின்வாய் நேரடியாகத் தரையுடன் இணைந்திருக்கும். 'நிலை' என்னும் சொல் பலருக்குக் குழப்பம் தருவதுண்டு. வால்வின் மின்னோட்டம் எப்படியிருந்தாலும் சார்பு மின்னழுத்தம் தானாக மாறாது என்பதே இதன் பொருள். இதனைச் சரிசெய்ய இயலாது என்பது பொருளன்று. டுவின் ரிவெர்ப் போன்ற பெருக்கிகளில் இதற்கென ஒரு மாறும் மின்தடை உண்டு. 1950களின் பெண்டர் பாசுமேன் 5எப்6-ஏ போன்றவற்றில் அத்தகைய வசதி இல்லை. அவற்றில் ஒரு மின்தடையின் மதிப்பை மாற்றியே சரிசெய்ய வேண்டும்.

எதிர்மின்வாய்ச் சார்பு: இதில் கட்டுப்பாட்டு வலை தரை மின்னழுத்தத்தில் இருக்க, எதிர்மின்வாய்க்கும் தரைக்கும் இடையே ஒரு மின்தடை வைக்கப்படுகின்றது. வால்வின் மின்னோட்டம் இம்மின்தடை வழியாகப் பாய்ந்து எதிர்மின்வாயின் மின்னழுத்தத்தை உயர்த்துவதால், அதனோடு ஒப்பிடுகையில் வலை எதிர் மின்னழுத்தத்தைப் பெறுகின்றது. மின்னோட்டம் கூடினால் சார்பும் கூடி அதனைக் கட்டுப்படுத்தும். இதனால் இவ்வமைப்பு ஓரளவு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். பெண்டர் டீலக்சு 5இ3 பெருக்கியில் இரண்டு 6வி6 வால்வுகள் 250 ஓம் மின்தடை ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அம்மின்தடையில் 20 வோல்ட் இருப்பதாகக் கொண்டால் மொத்த மின்னோட்டம் 80 மில்லிஆம்பியர், அதாவது வால்வுக்கு ஏறத்தாழ 40 மில்லிஆம்பியர் ஆகும். ஒரு வால்வு வலிமை குன்றியிருந்தால் மற்றது கூடுதல் சுமையை ஏற்கும். மொத்தத்தை மட்டும் அளப்பவருக்கு இது தெரியாது.

வெப்ப எல்லையும் கணக்கீடும்

ஒவ்வொரு வால்வுக்கும் அதன் பிளேட் பாதுகாப்பாக வெளியேற்றக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிளேட்டுக்கும் எதிர்மின்வாய்க்கும் இடையிலான மின்னழுத்தத்தைப் பிளேட் மின்னோட்டத்தால் பெருக்கினால் ஓய்வு நிலையில் வெளியாகும் வெப்பம் வாட்டில் கிடைக்கும். பரவலாகப் பயன்படும் வால்வுகளின் எல்லைகள் பின்வருமாறு:

| வால்வு | பிளேட் வெப்ப எல்லை | 6.3 வோல்ட்டில் மின்னிழை மின்னோட்டம் |
|---|---|---|
| 6வி6ஜிடி | 12 வாட் (பிந்தைய தரவேடுகளில் 14) | 0.45 ஆம்பியர் |
| ஈஎல்84 | 12 வாட் | 0.76 ஆம்பியர் |
| ஈஎல்34 | 25 வாட் | 1.5 ஆம்பியர் |
| 6எல்6ஜிசி | 30 வாட் | 0.9 ஆம்பியர் |
| 6550 | 35 வாட் (பிந்தைய தரவேடுகளில் 42) | 1.6 ஆம்பியர் |

நிலைச் சார்பு கொண்ட தள்ளு-இழு பெருக்கிகளில், ஓய்வு நிலை வெப்பம் இவ்வெல்லையில் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பழுதுபார்ப்போர் பின்பற்றும் பொதுவழக்கு. தொடர்ந்து வாசிக்கும்போது சராசரி வெப்பம் ஓய்வு நிலையைவிட உயரக்கூடும் என்பதால் இவ்விடைவெளி விடப்படுகின்றது. இது வால்வுத் தரவேடுகளில் விதிக்கப்பட்ட எண் அன்று. அடைய வேண்டிய இலக்காக இதனைக் கொள்ளாமல், மேல் வரம்பாகக் கொள்வதே பொருத்தம். பல பெருக்கிகள் 50 முதல் 60 விழுக்காட்டிலேயே நன்கு ஒலிக்கின்றன. எதிர்மின்வாய்ச் சார்பு கொண்ட பெருக்கிகள் எல்லைக்கு மிக அருகில் இயங்குவது வழக்கம். ஏசி30 பெருக்கியில் ஈஎல்84 வால்வுகள் விரைவில் தேய்வதற்கு இதுவே காரணம்.

கணக்கீடு எளியது:

ஓய்வு மின்னோட்டம் = (வெப்ப எல்லை × 0.7) ÷ பிளேட் மின்னழுத்தம்

எடுத்துக்காட்டாக, பிளேட் மின்னழுத்தம் 450 வோல்ட் எனில் 6எல்6ஜிசி வால்வுக்கு 21 ÷ 450 = 46.7 மில்லிஆம்பியர் மேல் வரம்பாகும். அதே மின்னழுத்தத்தில் ஈஎல்34 வால்வுக்கு 17.5 ÷ 450 = 38.9 மில்லிஆம்பியர் ஆகும்.

சார்பு மின்னழுத்தத்தை மட்டும் அளந்து, 'இப்பெருக்கிக்கு இத்தனை வோல்ட்' எனப் பழைய மின்சுற்று வரைபடத்தில் உள்ளதற்கு ஈடாக வைத்தல் போதுமானதன்று. 450 வோல்ட் பிளேட் மின்னழுத்தத்திலும் ஒரே சார்பு மின்னழுத்தத்திலும் ஒரு 6எல்6ஜிசி 35 மில்லிஆம்பியரையும் மற்றொன்று 60 மில்லிஆம்பியரையும் கடத்துவதாகக் கொள்வோம். முதலாவது 15.75 வாட் வெப்பத்தையும் இரண்டாவது 27 வாட் வெப்பத்தையும் வெளியிடும். இரண்டின் மீதும் ஒரே பெயர் அச்சிடப்பட்டிருக்கலாம். எனவே அளக்க வேண்டியவை பிளேட் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஆகும்.

வீட்டு மின்னழுத்தமும் இக்கணக்கைப் பாதிக்கும். அமெரிக்காவின் பல பழைய பெருக்கிகள் 110 முதல் 117 வோல்ட் வரையான மின்வழங்கலுக்கு வடிவமைக்கப்பட்டவை. இன்று அங்கு 120 வோல்ட்டும் அதற்குச் சற்று மேலும் கிடைப்பதால் பிளேட் மின்னழுத்தமும் மின்னிழை மின்னழுத்தமும் வரைபடத்தில் உள்ளதைவிட உயர்ந்திருக்கும்.

பாதுகாப்பு

வால்வுப் பெருக்கியின் உள்ளே 400 முதல் 500 வோல்ட் வரை நேர்திசை மின்னழுத்தம் இருப்பது வழக்கம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. மின் இணைப்பை நீக்கிய பின்னரும் மின்தேக்கிகளில் இம்மின்னழுத்தம் நெடுநேரம் தேங்கியிருக்கலாம். உட்பகுதியைத் தொடுவதற்கு முன் பொருத்தமான மின்தடை வழியாக அவற்றை வெறுமையாக்கி, மல்டிமீட்டரால் அளந்து உறுதிசெய்ய வேண்டும். இயங்கும் பெருக்கியில் அளக்க நேர்ந்தால், அளவியின் ஒரு முனையைக் கவ்வியால் தரையில் பொருத்திவிட்டு ஒரு கையால் மட்டும் பணிபுரிவர். இதில் பயிற்சி இல்லாதோர் இவ்வேலையைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் விடுவதே முறை.

ஒலிபெருக்கியோ அதற்கு ஈடான சுமை மின்தடையோ இணைக்கப்படாமல் வால்வுப் பெருக்கியை இயக்கக்கூடாது. சுமை இல்லாதபோது குறிகை வந்தால் வெளியீட்டு மின்மாற்றியில் மிக உயர்ந்த மின்னழுத்தம் தோன்றி அதன் காப்புறையைத் துளைத்துவிடக்கூடும்.

அளக்கும் முறைகள்

6எல்6, ஈஎல்34 ஆகிய எட்டு முனை வால்வுகளில் 3ஆம் முனை பிளேட், 4ஆம் முனை திரை வலை, 5ஆம் முனை கட்டுப்பாட்டு வலை, 8ஆம் முனை எதிர்மின்வாய் ஆகும். மின்னோட்டத்தை அறியப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

1. ஒரு ஓம் மின்தடை முறை: ஒவ்வொரு வால்வின் எதிர்மின்வாய்க்கும் தரைக்கும் இடையே துல்லியமான 1 ஓம் மின்தடை பொருத்தப்படுகின்றது. ஓம் விதிப்படி அதில் தோன்றும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியரைக் குறிக்கும். இதில் திரை வலை மின்னோட்டமும் அடங்கியிருக்கும். அதனைக் கழிக்காமல் கணக்கிட்டால் விடை சற்று மிகையாக வரும். அது பாதுகாப்பான பக்கத்தில் நிகழும் பிழையாகும்.

2. இடைச்செருகி முறை: வால்வுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே செருகப்படும் அளவுக் கருவி பயன்படுகின்றது. பெருக்கியைத் திறக்காமல் மின்னோட்டத்தை அளக்க இயல்வது இதன் நன்மை.

3. மின்மாற்றி மின்தடை முறை: பெருக்கி அணைந்திருக்கையில் வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுற்றின் ஒவ்வொரு பாதியின் மின்தடையும் அளக்கப்படுகின்றது. பின்னர் இயங்கும்போது அதே பாதியில் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சி அளக்கப்படுகின்றது. மின்தடை 40 ஓம், வீழ்ச்சி 1.6 வோல்ட் எனில் பிளேட் மின்னோட்டம் 40 மில்லிஆம்பியர் ஆகும். இரு பாதிகளின் மின்தடைகள் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

அலைநோக்கியில் கடப்புத் திரிபு மறையும் வரை மின்னோட்டத்தைக் கூட்டும் முறையும் முன்னர் வழக்கில் இருந்தது. இம்முறையில் வெப்ப எல்லை கணக்கில் வராததால், வால்வு தேவைக்கு அதிகமாகச் சூடாகும் வாய்ப்பு உண்டு.

வால்வுகளைச் செருகுவதற்கு முன், வெற்றுத் தாங்கியின் 5ஆம் முனையில் எதிர் மின்னழுத்தம் உள்ளதா எனப் பார்ப்பது நல்ல வழக்கம். நிலைச் சார்புப் பெருக்கியில் அது இல்லாவிடில் புதிய வால்வு சில நிமிடங்களில் அழிந்துவிடும். இயக்கிய பின் பத்து, பதினைந்து நிமிடங்கள் சூடேற விட்டு அளக்க வேண்டும். மின்னோட்டத்தைக் கூட்டினால் பிளேட் மின்னழுத்தம் குறையும் என்பதால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் இரண்டையும் மீண்டும் அளந்து கணக்கிட வேண்டும்.

இணை சேர்த்தல்

தள்ளு-இழு அமைப்பில் இரு பக்கங்களின் ஓய்வு மின்னோட்டங்களும் வெளியீட்டு மின்மாற்றியின் நடுமுனையிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. அவை சமமாக இருந்தால் மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தில் அவை உண்டாக்கும் காந்தப்பாயங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். மின்வழங்கலில் எஞ்சியிருக்கும் அலைவும் இவ்வாறே நீங்கும். இதனால் மின்னிரைச்சல் குறைகின்றது. பக்கங்கள் சமமற்றிருந்தால் இரைச்சல் கூடும், உள்ளகம் ஒரு பக்கமாகக் காந்தமேறும், தாழ்ந்த சுரங்களின் வலிமை குறையும்.

இணை சேர்ப்பதற்கு இரண்டு பண்புகள் அளக்கப்படுகின்றன. முதலாவது, குறித்த பிளேட், திரை, சார்பு மின்னழுத்தங்களில் பாயும் ஓய்வு மின்னோட்டம். இரண்டாவது, பரிமாற்று மின்கடத்துத்திறன். இது வலை மின்னழுத்தம் ஒரு வோல்ட் மாறும்போது பிளேட் மின்னோட்டம் எவ்வளவு மாறுகின்றது என்பதைக் குறிக்கும். தரவேட்டின்படி 250 வோல்ட்டில் 6எல்6ஜிசி வால்வுக்கு இது வோல்ட்டுக்கு 6 மில்லிஆம்பியர் ஆகும். ஓய்வு மின்னோட்டம் ஒத்திருந்தும் இப்பண்பு வேறுபட்டால், வாசிக்கத் தொடங்கியதும் இரு பக்கங்களும் சமமின்றி இயங்கும்.

நான்கு வால்வுகள் உள்ள பெருக்கியில் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையே முக்கியமானது. ஓய்வு மின்னோட்டங்கள் 34, 36, 40, 42 மில்லிஆம்பியர் எனில், 34 உடன் 42 ஐயும் 36 உடன் 40 ஐயும் சேர்த்தால் இரு பக்கங்களும் 76 மில்லிஆம்பியர் பெறும். எனினும் சார்பை அமைக்கும்போது மிகுதியான மின்னோட்டம் உள்ள வால்வையே கணக்கில் கொள்ள வேண்டும். 450 வோல்ட்டில் 42 மில்லிஆம்பியர் 18.9 வாட் ஆகும். இது 6எல்6ஜிசியின் 21 வாட் வரம்புக்குள் இருப்பதால் ஏற்கத்தக்கது.

முழுமையான ஒற்றுமை தேவையில்லை. கித்தார் பெருக்கியில் சில மில்லிஆம்பியர் வேறுபாடு தீங்கு விளைவிப்பதில்லை. இணை முழுமையாக ஒத்திருக்கும்போது இரட்டைப்படைச் சீரிசைகள் வெளியீட்டில் நீங்கிவிடுவதால், சிறு வேறுபாட்டை விரும்பும் இசைக்கலைஞர்களும் உள்ளனர்.

1960களின் இறுதியில் வந்த சில பெண்டர் பெருக்கிகளில் சார்பின் அளவை மாற்றும் திருகுக்குப் பதிலாக, இரு பக்கங்களைச் சமன்செய்யும் திருகு வைக்கப்பட்டது. இது இணைசேராத வால்வுகளின் ஓய்வு மின்னோட்டத்தைச் சமமாக்க உதவும். ஆனால் மொத்த மின்னோட்டம் எவ்வளவு என்பதை அதனால் தீர்மானிக்க இயலாது. இணை சேர்த்தலும் சார்பு அமைத்தலும் வெவ்வேறானவை என்பதற்கு இத்திருகு நல்ல எடுத்துக்காட்டாகும்.

1979இல் தொடங்கப்பட்ட குரூவ் டியூப்சு நிறுவனம் வால்வுகளை அளந்து 1 முதல் 10 வரை தரவெண்ணிட்டு விற்றது. குறைந்த எண் கொண்டவை விரைவில் திரிபடையும். மேசா பூகி நிறுவனம் தன் பெருக்கிகள் பலவற்றில் சார்பை மாற்றும் வசதியை வைக்காமல், அவற்றுக்கு ஏற்ற மின்னோட்ட வரம்பில் உள்ள வால்வுகளை மட்டும் தேர்ந்து நிறக்குறியிட்டு விற்கும் வழியைப் பின்பற்றியது.

பழைய வால்வுகளில் கவனிக்க வேண்டியவை

ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் உருவான இரு வால்வுகள் இணையாக இருக்கும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. தொழிற்சாலைகள் ஒரு விலக்க எல்லைக்குள் அமைந்த வால்வுகளை எல்லாம் ஒரே பெயரில் விற்றதால் இது உறுதியன்று. மேலும் நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்பதும் வழக்கமாக இருந்தது. உண்மையான தயாரிப்பாளரை அறியக் குறியெண்கள் ஓரளவு உதவும். அமெரிக்க வால்வுகளில் 188 ஜெனரல் எலக்ட்ரிக்கையும், 274 ஆர்சிஏவையும், 312 சில்வேனியாவையும், 322 டங்-சோலையும் குறிக்கும்.

பயன்படுத்தப்படாத பழைய இருப்பு என விற்கப்படும் வால்வும் அளக்கப்பட வேண்டியதே. நீண்ட காலக் கிடப்பில் சிறிதளவு வாயு உட்புகுந்திருக்கலாம். கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள வெள்ளி நிறப் பூச்சு, எஞ்சிய வாயுவை உறிஞ்சுவதற்காக இடப்பட்டது. அது பால் வெண்மையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது எனலாம். அத்தகைய வால்வைச் செருகக்கூடாது. இயங்கும்போது கண்ணாடியின் மீது படரும் நீல ஒளி பொதுவாகத் தீங்கற்றது. மின்வாய்களுக்கு இடையே இளஞ்சிவப்பு அல்லது ஊதா ஒளி நிறைந்திருந்தால் அது வாயுவின் அறிகுறியாகும்.

வாயு உள்ள வால்வில் கட்டுப்பாட்டு வலையிலும் சிறு மின்னோட்டம் பாயும். அது வலை மின்தடையில் மின்னழுத்தத்தை உண்டாக்கிச் சார்பைக் குறைக்கும். சார்பு குறைந்தால் வால்வு மேலும் சூடாகும். சூடு கூடினால் வலை மின்னோட்டமும் கூடும். இச்சுழற்சி நிற்காமல் தொடர்ந்து வால்வை அழித்துவிடும். இதனாலேயே அளவீடு சில நிமிடங்களில் நிலைபெறாமல் ஏறிக்கொண்டே போனால் பெருக்கியை உடனே அணைக்க வேண்டும்.

அக்காலத்தின் வால்வுச் சோதனைக் கருவிகள் பெரும்பாலும் பெருக்கியில் உள்ளதைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் சோதிக்கின்றன. அவற்றில் 'நன்று' எனக் காட்டும் வால்வு 450 வோல்ட்டில் எவ்வாறு இயங்கும் என்பது அதிலிருந்து தெரியாது. விற்பனையாளர் எழுதியுள்ள இணை அளவும் எந்த மின்னழுத்தங்களில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பொருள்படும்.

எல்லாக் குறைகளும் வால்வினுடையவை அல்ல. பழைய பெருக்கிகளில் இணைப்பு மின்தேக்கி கசிந்தால் முந்தைய நிலையின் நேர் மின்னழுத்தம் கட்டுப்பாட்டு வலைக்கு வந்து, ஒரு வால்வு மட்டும் மிகையாகச் சூடாகும். இரு வால்வுகளையும் இடம் மாற்றிப் பார்த்தால் காரணம் புலப்படும். மிகை மின்னோட்டம் வால்வோடு இடம் பெயர்ந்தால் குறை வால்வில் உள்ளது. அதே தாங்கியில் தங்கினால் குறை பெருக்கியில் உள்ளது. சார்பு மின்சுற்றில் உள்ள மின்பகு மின்தேக்கி காய்ந்து போவதும் பரவலான குறையாகும். அதனை மாற்றாமல் அரிய வால்வுகளைச் செருகுவது இழப்பில் முடியக்கூடும்.

வேறுவகை வால்வுக்கு மாற்றுதல்

முனைகள் பொருந்துவதால் மட்டும் ஒரு வால்வு மற்றொன்றுக்கு மாற்றாகாது. 6எல்6ஜிசிக்குப் பதிலாக ஈஎல்34 வைத்தால் ஒவ்வொன்றும் மின்னிழைக்கு 0.6 ஆம்பியர் கூடுதலாக எடுக்கும். நான்கு வால்வுகளுக்கு இது 2.4 ஆம்பியர் ஆகும். மின்மாற்றி இதனைத் தாங்குமா எனப் பார்க்க வேண்டும். மேலும் ஈஎல்34 வால்வின் 1ஆம் முனையில் உள்ள அடக்கு வலை, 8ஆம் முனையுடன் இணைக்கப்பட வேண்டும். 6எல்6ஜிசிக்கு இவ்விணைப்பு தேவையில்லை என்பதால் அதற்காக அமைந்த தாங்கியில் இது இல்லாதிருக்கலாம். சார்பு மின்னழுத்தமும் புதிதாக அமைக்கப்பட வேண்டும். 1970களில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மார்சல் பெருக்கிகள் பலவற்றில் ஈஎல்34க்குப் பதிலாக 6550 பொருத்தப்பட்டபோது சார்பு மின்சுற்றும் அதற்கேற்ப மாற்றப்பட்டது.

முன்பெருக்கி வால்வுகள்

12ஏஎக்ஸ்7 போன்ற முன்பெருக்கி வால்வுகள் கித்தார் பெருக்கிகளில் பொதுவாக எதிர்மின்வாய்ச் சார்பில் இயங்குகின்றன. இவற்றில் ஏறத்தாழ ஒரு மில்லிஆம்பியர் அளவிலேயே மின்னோட்டம் பாய்கின்றது. ஆகவே இவற்றை மாற்றும்போது சார்பு அமைக்கவோ இணை சேர்க்கவோ தேவையில்லை. தள்ளு-இழு பக்கங்களுக்கு எதிரெதிர்க் குறிகைகளை அளிக்கும் வால்வில் மட்டும், அதனுள் உள்ள இரு பாதிகளும் ஒத்திருப்பதைச் சிலர் விரும்புகின்றனர்.

இவற்றையும் பார்க்க

- வெற்றிடக் குழாய்
- மின் கித்தார்
- மின்மாற்றி
- ஓம் விதி
- திரிதடையம்

பகுப்புகள்: மின்னணுவியல் | இசைக்கருவிகள் | ஒலிப் பொறியியல்